படகில் ஓர் இடம்

“‘ஜூன் ஏழு. நேற்று எழுதிய பட்டியலில் ஒரு தவறு. கொக்கு மாமாவைப் படகில் சேர்த்துவிட்டேன். அவருக்குக் கரையில் நாற்காலி. தவறு என்னுடையது.’ பாருங்க மாமா, நோட்டுலயே எழுதிட்டேன்,” என்றாள் ரேலின்.

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு,” என்றார் கிழவர்.

பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர்தான் பெயர். நீளக் கால்களால் அவர் கொக்கு. டெலிபோன் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

நாளை முன்னோர் வந்திறங்கிய நாள். 1856-இல் பிட்கேர்ன் தீவை மொத்தமாகக் காலி செய்துகொண்டு, ஐந்து வாரம் கடலில் வாந்தியெடுத்து, நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் அதே மாதிரி உடையில், அதே துறையில், அவர்கள் வாரிசுகள் படகில் வந்து இறங்குவார்கள். இந்த ஆண்டு ஏற்பாடு முழுவதும் ரேலின் தலையில். முதல் தடவை. பட்டியலை மூன்று முறை சரிபார்த்த பிறகும் அவளுக்குத் திருப்தி இல்லை.

“படி வழுக்கும் மாமா. உங்க முட்டி வேற சரியில்ல. கரையில வரவேற்கிற அதிகாரிங்க பக்கத்துல ராஜா மாதிரி உட்காருங்களேன்.”

“வரவேற்க நின்னவங்கள்ல நம்ம ஆளு எவன்டி இருந்தான்? நான் வந்தவங்க வம்சம். படகுலதான் வருவேன்.”

“முட்டி மட்டுமா? ஊரை விட்டுட்டு வந்த துக்கம் முகத்துல தெரியணும். போன வருஷம் கரையைப் பார்த்துத் தொப்பியை ஆட்டி, ‘ஏய் எல்சி, பில்ஹி சுட்டியா?’ன்னு கத்தினீங்க. பேப்பர்காரன் அந்தப் படத்தைத்தான் போட்டான்!”

“சுட்டிருந்தாளே! பில்ஹியில வாழைக்காய் என்ன பதமா வெந்திருந்துச்சு தெரியுமா?”

“மாமா!”

கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த ஒரு வருஷம் விடு ரேலின். சிரிக்க மாட்டேன். கத்த மாட்டேன். அழுன்னா அழறேன்.”

“நீங்களா? அத்தை போனப்பகூட அழாத ஆளு.”

“அழலேன்னா என்னைக் கடல்ல தள்ளிடு.”

ரேலின் பட்டியலை மறுபடி திருத்தினாள். இதுவும் தவறோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் கடல் அடங்கியிருந்தது. வெள்ளை உடைகளும் ஓலைத் தொப்பிகளுமாகப் படகு துறையை நெருங்கியது. கொக்கு மாமா முன்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்னம் இரண்டும் நனைந்து, தாடையிலிருந்து சொட்டியது.

“கொக்கு நெசமாவே அழுவுது பாரு,” என்றது ஒரு குரல். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பில்ஹித் தட்டோடு நின்ற எல்சிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதிய விருந்து முடிந்ததும் ரேலின் ஓடி வந்தாள்.

“அசத்திட்டீங்க மாமா! அடுத்த வருஷமும் முன்வரிசை உங்களுக்குத்தான். ஒரே ஒரு குறை. சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“விட்டுட்டு வந்த ஊரை நினைச்சு அழறவங்க கடல் பக்கம்தானே திரும்பிப் பார்க்கணும்? நீங்க கண்ணெடுக்காம கரையையே பார்த்து அழுதீங்க. பக்கம் தப்பு.”

கிழவர் அவள் தோளில் கை வைத்தார்.

“விட்டுட்டுப் போற ஊரைப் பார்த்துதான்டி அழுதேன். இனிமே தனியா இருக்கக் கூடாதுன்னு பிரிஸ்பேன்ல இருக்கிற மக சொல்லிட்டா. நாளைக்குப் பிளேன். போறதுக்கு மட்டும்தான் டிக்கெட்.”

 ரேலின் நோட்டைத் திறந்து, நாளை துவைக்க வேண்டிய உடைகளின் பட்டியலுக்கு மேலே ஒரு வரி எழுதினாள்:

‘ஜூன் ஒன்பது, காலை ஒன்பது மணி. கொக்கு மாமாவை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.’