கணக்கப்பிள்ளையின் போன்

ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்தது. "லீவு நாள்லயும் நம்மள வேலைக்கு எழுப்புறாரு பாரு" என்று நாகலெட்சுமி கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

தப்பு நின்றதும் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய போன். போன வருஷ மண்சரிவுக்குப் பிறகு, அபாயச் செய்தி வந்தால் ஆட்களுக்குச் சொல்வதற்கென்று தோட்டத்து ஆபீஸ் கொடுத்தது.

அன்றிலிருந்து அவர் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதுகூட அதைக் காதில்தான் வைத்திருப்பார். சிக்னல் என்னவோ கோயில் படிக்கட்டில் மட்டும்தான் கிடைக்கும். இன்று காலை அங்கே ஏறியதும் போன் உண்மையிலேயே கத்திவிட்டது.

"அபாயம் வந்திருச்சு! எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு எறங்குங்க!"

"எங்க லயம் பாறை மேல நிக்குது. நாங்க ஏங்கய்யா எறங்கணும்?" என்றாள் நாகலெட்சுமி.

"ஆபீஸ விட ஒனக்கு அதிகமாத் தெரியுமோ? 'மஸ்டர்'னு இங்கிலீசுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மஸ்டர்னா பெரட்டுதானே? இருவது வருஷமா செக்ரோல் புஸ்தகத்துல நான் எழுதுற எழுத்து!"

"மிச்சமெல்லாம் என்னங்கய்யா போட்டிருக்கு?" நாகலெட்சுமியின் நாத்தனார் சர்மிளா கேட்டாள். டவுன் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். "குடுங்க, வாசிச்சுச் சொல்றேன்."

"பொம்பளப் புள்ள கைபட்டா போன் கெட்டுப்போகும். பேசாம நட. வராதவங்களுக்கு நாளைக்கு வேலை கெடையாது!"

வேறு வழி? நாகலெட்சுமி கைக்குழந்தையைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டாள். அறுபது பேர் சறுக்கிச் சறுக்கி இறங்கி, பெரட்டுக் களத்தில் மலைச்சரிவை ஒட்டிய கொட்டகையான மஸ்டர் செட்டின் தகரக் கூரைக்குள் அடைந்தார்கள்.

முத்துலிங்கம் பெஞ்சில் ஏறித் தலைகளை எண்ணினார். "பாத்தீங்களா, ஒரு உசுருகூட வெளிய இல்ல! போன் யாருகிட்ட இருக்கணுமோ, அவன்கிட்டதான் இருக்கு."

நாகலெட்சுமியின் பாதங்கள் சில்லென்று நனைந்தன. குனிந்து பார்த்தால், பின்சுவரின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது.

"ஐயா, செவத்துக்கு அடியில தண்ணி வருது."

"மழ பேஞ்சா தண்ணி வராம பாலா வரும்?" அவரே முதலில் சிரித்தார். நாளைக்கு வேலை வேண்டுமே என்று நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு பேர் பதியச் செக்ரோலைத் திறந்தார். கூரை ஒழுகியது. ஒரு கையில் குடை, ஒரு கையில் பேனை. வேறு வழியில்லாமல் போனை மேசையில் வைத்தார். சர்மிளா அதைச் சட்டென்று எடுத்தாள்.

"ஏய், வையி அத! யாரக் கேட்டு எடுத்த?"

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு வரிதான், இரண்டாம் முறையும் வாசித்தாள். பிறகு அலறினாள்.

"அண்ணி, புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க! 'மஸ்டர் செட்டுக்கு மேல மலையில வெடிப்பு விழுந்திருக்கு, ஒருத்தரையும் அங்க விடாதீங்க'ன்னு போட்டிருக்கு!"