பொன்னிற டிரில்

"ஆமைக்குத் தங்கக் கொம்பு முளைச்சிருக்கு, எல்லாரும் வந்து பாருங்க!"

அவள் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மெஷின்காரன் மட்டும் காதில் விழாதவன்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்ததே அவள்தான்.

அவன் மெஷினில் பொன்னிறமாக மின்னிக்கொண்டிருந்தது ஒரு புது டிரில். சாம்பிளுக்கென்று வந்தது அந்த ஒன்றுதான்.

"தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. முடியைவிட மெல்லிசா மேலே ஒரு பூச்சு. ஆனா பயங்கரக் கெட்டி," என்றார் மேனேஜர். "சீக்கிரம் மழுங்காது, வேகமாவும் ஓட்டலாம்னு சொல்றாங்க. இவன் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும்."

ஏன், நான் ஓட்டினால் ஓடாதாமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவருக்கும் ஒரே வேலைதான். இரும்புத் தகட்டில் துளை போட்டு ட்ரேயில் அடுக்க வேண்டும். வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவன், படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். அவள் கை ஓய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். இவனோ ஒண்டிக்கட்டை. ஏனோதானோவென்று இருக்கிறான்.

தங்கக் கொம்பு வந்தும் ஆமை ஆமையாகவேதான் இருந்தது.

அவளுடைய சாதா டிரில் அடிக்கடி மழுங்கும். சாணை பிடிக்க ஓடுவாள், திரும்பி ஓடி வருவாள். அவனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அப்படியிருந்தும் சாயங்காலம் பார்த்தால் இரண்டு ட்ரேயும் ஒரே மட்டத்தில் நின்றன. தலைவலியென்று அவள் பாதியில் கிளம்பிய நாளில்கூட அவன் ட்ரே அவளுடையதைத் தாண்டவில்லை.

"நான் இல்லாத அன்னிக்காவது கொஞ்சம் வேலை செய்யக் கூடாதா? உட்கார்ந்தே தூங்கினியா?"

"ஓடின வரைக்கும் ஓடுச்சுக்கா."

"ஓடுச்சாம்! இதுக்குச் சம்பளம் வேற. வெட்கமா இல்ல?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தச் சோம்பேறிகிட்ட கொடுத்து வீணாக்கிட்டீங்க. ஒரே ஒரு நாள் என் கையில கொடுங்க. அப்புறம் பாருங்க."

"பூச்சுல ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு அவன் சொன்னானே?"

"அவன் ஓட்டினா ராக்கெட்கூட நகராது சார்!"

மறுநாள் டிரில் கை மாறியது. பூச்சு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, வெண்ணெயில் இறங்குவதுபோல் இரும்பில் இறங்கியது. சாணைப் பக்கமே அவள் போகவில்லை. மத்தியானத்துக்குள் முதல் ட்ரே நிறைந்தது. ஷிப்ட் முடிவதற்குள் இரண்டாவதும் நிறைந்தது.

மேனேஜர் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! ரெண்டு பேர் வேலையை ஒரே ஆளா முடிச்சிட்டியேம்மா!"

அவள் தலை நிமிர்ந்து நின்றாள். மேனேஜர் தாடையைத் தடவியபடி பக்கத்து மெஷினைப் பார்த்தார்.

"அப்போ இங்க ஒரு மெஷின் போதுமே. வேற இடத்துலயும் ஆள் தேவையில்ல." அவனிடம் திரும்பினார். "இத்தனை நாள் இதைக் கையில வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணின? இந்த மாசத்தோட நின்னுக்கோ."

அவளுக்கு ஒரு நொடி சுருக்கென்றது. ஒரு நொடிதான். உழைக்காதவனுக்கு வேறென்ன கிடைக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

கை கழுவும் குழாயடியில் அவன் நின்றிருந்தான். பேசாமல் தாண்டிப் போக அவளால் முடியவில்லை.

"உன்னால இத்தனை நாள்ல முடியாததை நான் ஒரே நாள்ல செஞ்சு காட்டிட்டேன், பார்த்தியா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"முதல் நாள் காலையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. அன்னிக்கே ஓட்டிக் காட்டியிருந்தா, அவர் உங்களைத்தானே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு?"