ஜன்னலோரம் நின்றவர்

இரண்டு கால்களையும் எடுத்தாயிற்று. இடுப்பு வரை இப்போது ஒன்றுமில்லை. தலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா, இன்றைக்கே முடித்துவிடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

பயப்பட வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். ஒன்பது மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தில் அவனுக்கு கிராபிக்ஸ் வேலை. பறக்கும் கார், இடியும் கட்டடம் என்று ஆசையோடு வந்தவனுக்குக் கிடைத்தது, தப்பித்தவறி ஷாட்டில் விழுந்த மைக்கையும் வயரையும் அழிக்கிற வேலை.

இந்த முறை அழிக்க வேண்டியது ஓர் ஆளை.

ஆஸ்பத்திரி வராந்தா. முன்னால் பெஞ்சில் கதாநாயகி அழுகிறாள். பின்னால் ஜன்னலோரம் ஒரு துப்புரவுப் பணியாளர் மாப்பை ஊன்றிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"அவ உயிரே போற மாதிரி அழறா, இவரு என்னடான்னா கேமராவைப் பாத்து இளிக்கிறாரு!" டைரக்டர் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "தூக்கிடுடா இவரை. யாருடா இது?"

"தெரியல" என்றான்.

தெரியாமல் என்ன? அவனுடைய அப்பா. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்துத்தான் அன்றைக்கு அந்தச் சிரிப்பு. மகனோ சட்டென்று குனிந்து, தரையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த டேப்பை இன்னொரு முறை ஒட்டினான்.

"அப்பா என்ன பண்றாரு?" என்று வகுப்பில் கேட்டபோது, "ஆஸ்பத்திரியில இருக்காரு" என்று சொல்லி வைத்திருந்தான். கேட்டவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை.

ஆறு விநாடி ஷாட். விநாடிக்கு இருபத்துநான்கு படம். ஒவ்வொன்றிலும் பக்கத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அப்பா மேல் பூச வேண்டும். சட்டை, மாப், வாளி எல்லாம் போன பிறகும் ஈரத் தரையில் அவருடைய பிம்பம் மட்டும் விடாப்பிடியாக நின்றது. அவரே பளபளவென்று துடைத்து வைத்த தரை. அந்தப் பிம்பத்தை எடுக்க மட்டும் இரண்டு நாள் பிடித்தது. இத்தனை கேவலமான வேலையை இத்தனை நேர்த்தியாக வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

முடிக்கிற சமயம் பார்த்து அப்பா டீயோடு அறைக்குள் வந்தார். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையை மூட நேரமில்லை.

"நம்ம வராந்தாவாச்சே? அன்னிக்கு எடுத்ததா?"

"ம்."

"இதுல உன் வேலை எதுடா?"

"பாத்தா தெரியாதுப்பா. தெரிஞ்சா நான் சரியா செய்யலன்னு அர்த்தம்."

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிட்டே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓகோ" என்றார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். இவருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

மறுநாளே அப்பா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்க படத்துக்கு எங்க வார்டு ஆளுங்க அஞ்சு பேரும் வர்றாங்கடா. ஷிப்டுகூட மாத்திக்கிட்டாங்க. நான் நின்ன சீனைக் கட்டாயம் பாக்கணும்னு சொல்லியிருக்கேன்."

படம் திரையிட இருந்த நாலு நாளும், சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. டைரக்டர் எடுக்கச் சொன்னாள் என்று பழியை அவள் மேல் போட்டுவிடலாம். ஆனால் "இவர் எங்கப்பா" என்று அவளிடம் சொல்லக் கூசியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தான்.

படம் திரையிடும் நாள். கல்லூரி அரங்கில் மூன்றாவது வரிசை முழுக்க அப்பாவின் ஆட்கள். நடுநாயகமாக அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு. இவன் டைரக்டருக்குப் பக்கத்தில் கதவோரமாகத் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான்.

வராந்தா வந்தது. கதாநாயகி அழுதாள். பின்னால் ஜன்னல், வெளிச்சம், துடைத்துவிட்ட தரை. மூன்றாவது வரிசையில் அத்தனை கழுத்தும் நீண்டது. ஆறு விநாடி இவ்வளவு நீளம் என்பது, அதை ஒவ்வொரு படமாகச் செதுக்கியவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் ஓர் அம்மாளின் குரல் கணீரென்று எழுந்தது.

"அண்ணே, உங்களைக் காணவே காணோமே!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். "டேய், அவருதானே அன்னிக்கு..." என்று டைரக்டர் அவன் கையைப் பிடித்தாள்.

அப்பா எழுந்து நின்றார். முகத்தில் அதே சிரிப்பு, வாயெல்லாம் பல்.

"நல்லாப் பாத்தியா? ஜன்னல்கிட்ட? தரையில?"

"எல்லாம் பாத்தாச்சுண்ணே. ஒண்ணுமே இல்ல."

"அதைக் காட்டத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்!" அப்பா திரும்பி, கதவோரம் நின்றவனைப் பெருமையோடு கைகாட்டினார்.

"என் பையன் துடைச்சதும்மா. ஒரு பொட்டாச்சும் மிச்சம் இருக்கா பாரு!"