சார்ஜ் ஏறும் தூரம்

பைக்கின் செல்ஃப் பொத்தானை அழுத்தினார். கடக் என்றது. அவ்வளவுதான்.

இன்னொரு தடவை அழுத்தினார். இப்போது கடக்கும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால்தான் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு மாட்டிய பேட்டரி. அதற்கு முந்தின மாதமும் இதே கூத்து.

வாசல்படியில் உட்கார்ந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். மீட்டரை வைத்தார். பதினொன்று புள்ளி எட்டு வோல்ட். பன்னிரண்டரையாவது இருக்க வேண்டும்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். மீட்டர் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஒரு பொருள் கெட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். வாசலின் தடவி முடுக்கினார்.

சாவியை அணைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோர்த்துப் பார்த்தார். கசிவு இருந்தால் இதில் காட்டிக்கொடுத்துவிடும். இல்லை.

வயரை மாட்டினார். மூட்டு வலியோடு கிக்கரை உதைத்தார். ஏழாவது உதைக்கு வண்டி மனம் இரங்கியது. ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். பதினான்கு புள்ளி இரண்டு.

ஆக, இன்ஜினிலிருந்து வர வேண்டியது ஒழுங்காக வருகிறது. எங்கேயும் கசியவில்லை. பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. முதல் நாலு மாதம் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

பிறகு எங்கேதான் போகிறது?

வண்டியை அணைத்தார். எரிச்சலாக வந்தது. சண்முகவடிவு இருந்தால் நிலையில் சாய்ந்து நின்று, மெக்கானிக்கைக் கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டிருப்பாள். மனைவி போய் இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கேட்க ஆளில்லை.

கௌரவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு பேட்டரி கடை பீர் முகம்மதுவுக்குப் போன் போட்டார். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒன்று கேட்டான். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

பால் பூத்துக்குப் போய் வருவேன் என்றார். அரைக் கிலோமீட்டர் இருக்கும்.

செல்ஃப் எடுத்துக்கொள்வதைத் திருப்பிக் கொடுக்கக்கூட அந்தத் தூரம் பத்தாதாம். அரைமணி நேரமாவது நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமாம்.

"முன்ன எங்க போவீங்களோ, அங்கயே ஒரு நடை போயிட்டு வாங்க சார்."

அவன் விவரம் தெரியாமல் சொன்னான். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

போனை வைத்த பிறகும் படியிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்குத்தான் போக இடமில்லை.

முன்பு போன இடம் பாளையங்கோட்டை. இருபத்திரண்டு கிலோமீட்டர்.

திங்கள், புதன், வெள்ளி. அவளுக்கு டயாலிசிஸ். இரண்டரை வருடம்.

போகும்போது பேசிக்கொண்டே வருவாள். திரும்பும்போது அவளுக்குத் தெம்பு இருக்காது. துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பேட்டை தாண்டுவதற்குள் முதுகில் சாய்ந்து தூங்கியிருப்பாள்.

இன்றும் திங்கட்கிழமை.

மறுபடி உதைத்தார்.

மேற்கே போயிருக்கலாம். அம்பாசமுத்திரமும் ஏறக்குறைய அதே தூரம்தான். கை கிழக்கே திருப்பியது.

பின்னால் அவள் இருந்தால் பள்ளங்களைச் சுற்றிச் சுற்றித்தான் போவார். இன்றும் அப்படித்தான் போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் காலை ஊன்றி நின்றார். இன்ஜினை அணைக்கவில்லை. அப்படியே திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

வாட்ச்மேன் இசக்கிமுத்து பார்த்துவிட்டான். பழக்கதோஷத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி தூரம் வந்தான். அப்புறம்தான் பின்சீட்டைக் கவனித்தான்.

நின்றான்.

இவர் வாயைத் திறந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் போனது வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தூக்கத்தில். வாசலில் நிற்கிற இவனுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அதற்குள் இசக்கிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மாவுக்குக் கிட்னி கெடச்சிட்டா சார்? ரெண்டு மாசமா காணும்னதுமே நெனச்சேன். எங்க வீட்லகூட சொன்னேன்லா."

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து அவள் காத்திருந்தது அவனுக்கும் தெரியும்.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்.

அவர் தலை மேலும் கீழும் ஆடியது.

இசக்கிமுத்து நாற்காலியை நட்டநடுவே விட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கம் கேட்க எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். அவளை நினைத்துச் சந்தோஷப்பட இவன் ஒருவன் இருந்தான்.

"நல்லா இருக்கட்டும் சார். இனும நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்லா."

"ஆமாப்பா" என்றார்.

அவன் கையை விடும்வரை அங்கேயே நின்றார்.