கடைசியாக ஏறுவது யார்?

"இன்னிக்கு என்ன கதை ஷிமோன்? சீக்கிரம் சொல்லு, எல்லாரும் ஆவலா இருக்காங்க."

வழிகாட்டி ரெனாட்டா மைக்கை அவன் வாயருகே நீட்டினாள். பஸ்ஸிலிருந்த நாற்பத்திரண்டு பேரும் ஒரே தாளமாகக் கைதட்டினார்கள். கடைசியாக ஏறுகிறவரைக் கைதட்டியே மானத்தை வாங்குவது செக் நாட்டுச் சுற்றுலாக்காரர்களின் வழக்கம்.

"புறா ஒண்ணு என் மேப்பைத் தூக்கிட்டுப் போயிடுச்சு அக்கா. அதைத் துரத்திக்கிட்டு இந்தப் பாதுவா ஊர் முழுக்க ஓடினேன்."

"நேத்து கிராட்ஸ்ல?"

"மணிக்கூண்டுப் படியில ஷூ கழண்டு கீழ உருண்டுடுச்சு."

"ஷூ மட்டும்தானே உருண்டுச்சு? நீ உருண்டிருந்தா சீக்கிரம் வந்து சேர்ந்திருப்பே," என்றார் டிரைவர் போஹூஷ். பஸ்ஸே சிரித்தது.

ரெனாட்டா சிரிக்கவில்லை. "நாளைக்கு வெனிஸ். கடற்கரைத் தீவுக்குப் படகு ரெண்டு மணிக்கு. படகுக்காரன் எனக்காக நிக்க மாட்டான், நானும் உனக்காக நிக்க மாட்டேன். வரலைன்னா கடலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் போஹூஷோட பஸ்ஸைத் துடைச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

ஷிமோன் வனவியல் படிக்கிற மாணவன். கடலே இல்லாத நாட்டில் மரம் மரமாகப் பார்த்து வளர்ந்தவன், கடலை மட்டும் இன்னும் கண்ணால் கண்டதில்லை. அதற்காகவே குளிர்காலம் முழுக்க ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவி இந்தச் சுற்றுலாவுக்கு வந்திருந்தான்.

உண்மையில், புறாவும் இல்லை, ஷூவும் இல்லை. எல்லாம் முன் சீட்டில் இருந்த யார்மிலா அம்மாளுக்காக.

முதல் நாள் வியன்னாவில் அவன் நிஜமாகவே அசடு வழிந்தான். பெரிய தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியவன், பொரித்த இறைச்சியும் ரொட்டியும் மணக்கிற முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். எந்த செக் பஸ்ஸில்தான் அந்த மணம் இல்லை? பக்கத்து சீட்டுப் பெண்மணி நீட்டிய துண்டை வாங்கிப் பாதி தின்ற பிறகுதான், சுற்றி இருப்பவர்கள் யாரும் தெரிந்த முகமில்லை என்று உறைத்தது. பின்கதவு வழியாகக் குதித்து, ஓட்டமாக ஓடித் தன் பஸ்ஸைப் பிடித்தான்.

அவனுக்கும் பிறகு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் யார்மிலா அம்மாள். எழுபது வயது, தனியாக வந்தவர். பஸ் முழுக்கக் கைதட்டியது. அவர் முகம் சிவந்துபோய் உட்கார்ந்ததைப் பார்க்க ஷிமோனுக்குப் பாவமாக இருந்தது. நடக்க முடியாதவரை இப்படியா கேலி செய்வது? கைதட்டலை இனி நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போதே முடிவு செய்தான். மறுநாளிலிருந்து, அவர் ஏறும்வரை எங்காவது மறைந்து நின்றுவிட்டு அப்புறம்தான் ஏறினான்.

மறுநாள் வெனிஸில் நல்ல வெயில். ஒன்றே முக்காலுக்கெல்லாம் எல்லோரும் படகுத்துறைக்குப் போய்விட்டார்கள். ஷிமோன் முகமூடிக் கடையின் தூணுக்குப் பின்னால் நின்றான். பாலத்தடியில் ஒரு பெஞ்சில் யார்மிலா அம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்று ஐம்பது. அவர் எழவில்லை.

"எழுந்திருங்கம்மா," என்று ஷிமோன் வாய்க்குள் கெஞ்சினான்.

ஒன்று ஐம்பத்தைந்து. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். கைப்பையைத் திறந்தார், மூடினார். மறுபடி முழங்காலைத் தேய்த்தார். துறையிலிருந்து படகின் ஊதல் கேட்டது.

இப்போது ஓடினால் அவனுக்குப் படகு கிடைத்துவிடும். அந்த அம்மாள் தனியாக இங்கேயே தங்கிவிடுவார். இரண்டடி எடுத்து வைத்தான், மனசு கேட்கவில்லை. கடல் எங்கேயும் போய்விடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தூணை விட்டு நேராக அவரிடம் போனான்.

"அம்மா, படகு கிளம்பப் போகுது. என் தோளைப் பிடிச்சுக்குங்க, மெதுவா போயிடலாம்."

"வந்துட்டியா? நட, நட," என்று சடாரென எழுந்தார் அவர்.

அதற்கப்புறம் அவர் நடந்த நடைக்கு ஷிமோன் ஓட வேண்டியிருந்தது. பாலத்துப் படிகளில் இரண்டிரண்டாக ஏறினார். வழியை அடைத்து நின்ற ஜெர்மன்காரர்களை முழங்கையால் விலக்கினார். ஏறும் பலகையை எடுக்கப் போன படகுக்காரனை ஒரு அதட்டு அதட்டினார். இருவரும் ஏறியதும் படகு நகர்ந்தது. வழக்கம்போலக் கைதட்டல் எழுந்தது. ரெனாட்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரைச் சூழ்ந்த காயலில் போய் ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் திறந்த கடல் தெரிந்தது. நீலமாக, முடிவில்லாமல். ஷிமோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்தில் நின்றவரின் ஞாபகம் வந்தது.

"இவ்வளவு வேகமா வந்துட்டீங்களே, முழங்கால் வலிக்கலையா?"

"முழங்காலா? அது இரும்பு மாதிரி இருக்கு, தேய்ச்சதெல்லாம் சும்மா பாவனை. முப்பத்தோரு வருஷம் பிர்னோ ஊர்ல டிராம் ஓட்டினவ நான், ஒரு நாளும் ஒரு நிமிஷம்கூட லேட்டானதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வியன்னால நீ வேற பஸ்ல ஏறினதைப் பார்த்துட்டு உன்னைத் தேடித்தாம்பா ஓடினேன், நீ எனக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துட்டே. அன்னிலேர்ந்து, எங்கயாவது தொலைஞ்சுடுவியோன்னு பயந்து, நீ எங்க ஒளிஞ்சிருந்தாலும் உன் தலை கண்ணுல படற வரைக்கும் நான் எழுந்திருக்கிறதே இல்ல."