ஒன்பது சொல்

“மாமா குடையைப் பஸ்ஸில் மறந்துவிட்டார்” என்று அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

எதிரே கட்டிலில் சம்மணம் போட்டிருந்த மனைவி, கண்ணை மூடிக்கொண்டு அதையே ஜெர்மனில் சொன்னாள். அவனுக்காகச் சொல் சொல்லாக விட்டுவிட்டு.

அவன் விரல்விட்டு எண்ணினான். எட்டு. ஜெராக்ஸ் புத்தகத்தின் இடதுபக்கத்து ஜெர்மன் வரியில் இருந்ததும் எட்டு. பென்சிலால் ஒரு டிக் போட்டான்.

லோடு இறக்குகிறவனுக்கு வேறு எப்படித் திருத்தத் தெரியும்? மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று எவன் பிரித்துப் பார்த்தான்? ஏறினது எத்தனை, இறங்கினது எத்தனை, அவ்வளவுதான். தமிழ் எழுத்தையே முப்பத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டான். அதுவும் இவளிடம்தான், சாக்கில் அச்சடித்திருப்பதைக் காட்டிக் காட்டி.

நாளைக் காலை பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. தேறிவிட்டால் அந்த நாட்டு முதியோர் இல்லத்தில் மூன்று வருஷ வேலை. அவள் மட்டும்தான் போக முடியும்.

அடுத்த பக்கத்தில் மேஜை வந்தது. மேஜை ஆணாம். பூனை பெண்ணாம். சிறுமி இரண்டிலும் சேர்த்தி இல்லையாம்.

“ஏம்மா, பொண்ணையே பொண்ணுல சேர்க்கலன்னா வேற யாரைத்தான் சேர்ப்பாங்க?”

“அவங்களையே போய்க் கேட்டுட்டு வர்றேன். நீ படிய்யா.”

போய்க் கேட்டுட்டு வர்றேன். எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டாள்!

கதவைச் சாத்துகிற வாக்கியம் இன்னும் வம்பு. ‘சாத்து’ என்கிற ஒரே சொல்லை உடைத்து, பாதியை முன்னால் போட்டுவிட்டு, மீதியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பீரோவைத் தலைமாட்டில் ஒருத்தன், கால்மாட்டில் ஒருத்தன் பிடிக்கிற மாதிரி. ஐந்து சொல். டிக்.

அவனுக்குத் தலை சுற்றியது இதனால் மட்டும் இல்லை. மாமாவுக்குக் குடை கிடைத்ததா? இரண்டு பக்கம் தள்ளித் தேடினான். மாமா அங்கே ஹாயாக நீந்திக்கொண்டிருந்தார். மூன்றாம் பாடத்தில் காய்ச்சலில் படுத்த அம்மா என்ன ஆனாள்? பேச்சு மூச்சே இல்லை. ரயிலில் போகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். புத்தகம் முழுக்க ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வீடு திரும்பினதாக ஒரு வரி காணோம்.

கடைசித் தாளைப் புரட்டினான். அதில் ஒன்றும் அச்சாகவில்லை. வெறும் வெள்ளை.

அதையே பார்த்துக்கொண்டு, மற்ற வரிகளைப் படித்த அதே இழுப்பில், எழுத்துக் கூட்டுகிற மாதிரியே படித்தான்.

“வேலைக்குப் போன மனைவி திரும்பி வருவாளா?”

அவள் கண்ணைத் திறந்தாள்.

புத்தகம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று கேட்பாள் என்று பயந்தான். கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக, ஜெர்மனில் சொன்னாள்.

அவன் ஏற்றியது ஐந்து. இறங்கியது ஒன்பது.

“சரியாய்யா?”

“ம்... சரி.”

பென்சில் கையில் இருந்தது. டிக் போட வரி இல்லை.

அவளே புத்தகத்தை வாங்கி, வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதி, திருப்பிக் கொடுத்தாள். கீழே ஒரு விரல்கடை இடம் விட்டிருந்தாள்.

“இதுக்குத் தமிழை நீயே எழுதிக்கய்யா. மூணு வருஷம் இருக்குல்ல?”

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து எண்ணினான். ஒன்பது.

மறுபடி ஒருமுறை எண்ணினான்.

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.