மேட்டுக்கு முன் ஒரு பஞ்சர்

"பஞ்சர் ஒட்டத் தெரியாத ஆளுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்?" என்றார் மாமனார்.

காலையில் இருவரும் சைக்கிளில் கிளம்பும் நேரம். மாப்பிள்ளையின் பின் சக்கரம் தரையோடு அப்பிக் கிடந்தது. அவன் டியூபை உருவி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினான்.

"வால்வு மூடியையும் தொலைச்சாச்சு. வண்டியை வச்சுக்கற லட்சணமா இது? போன மாசம்வரைக்கும் என் பின்னால மூச்சு வாங்க வாங்க வந்தீங்க. நேத்து மேட்டுல ஒரு தடவை என்னை முந்திட்டீங்க, உடனே பெரிய வீரன்னு நெனப்பு."

அவன் டியூபை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஓட்டைகூடவா கண்ணுக்குத் தெரியல?" மாமனார் உச்சுக்கொட்டினார். "உங்களுக்கெல்லாம் கேரம் போர்டுதான் லாயக்கு மாப்பிள்ளை. நான் தனியாவே போயிட்டு வரேன்."

"ஒரு குமிழிகூட வரல மாமா. டியூப் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப காத்து எப்படிப் போச்சாம்?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"இன்னைக்கு மேட்டுல நான் மெதுவாவே வரேன் மாமா. அந்த மூடியை மட்டும் குடுத்துடுங்க."

மாமனாரின் கை அவரை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டது.